கம்பி தாங்கும் வேகம்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. அதிலும் முழுக் குரலுக்கு அல்ல. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் அதில் போகும். சொல் புரியவும், பேசுவது அத்தையா சித்தியா என்று தெரியவும் அவ்வளவு போதும். அதற்குக் கீழே உள்ள கனமும் மேலே உள்ள கூர்மையும் வழியிலேயே கழிந்துவிடும். போனில் யாராவது கச்சேரியைக் கேட்க வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போயிருக்கும்.

இவ்வளவு குறுகலான இடத்துக்குள் கணினியின் பேச்சை நுழைப்பதுதான் மோடத்தின் வேலை. ஒன்றும் சுழியமுமாக அப்படியே அனுப்பினால் அந்தப் பக்கம் போய்ச் சேராது. ஒலியாக்கி, அதுவும் குரலின் எல்லைக்குள் அடங்கும் ஒலியாக்கி, அனுப்ப வேண்டும். டயல்-அப் காலத்தில் வீட்டிலிருந்தவர்கள் ‘கத்தல்’ என்று சொன்னது இதைத்தான். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அந்த இரவுகளில் யாரோ யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

*

பரணில் கிடந்த கணினி மறுபடி ஓடுகிறது. பென்டியம் 2, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்ததால் அதற்குத் தேதி தெரியவில்லை. பேட்டரியை மாற்றி நானே தேதி சொல்லிக்கொடுத்தேன். மானிட்டர் சூடேறியதும் தூசி வாசனை வருகிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை.

இதை டயல்-அப் வழியாகவே இணையத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று ஆசை. அண்ணன் மகள் வந்து நின்று பார்த்தாள். “சித்தப்பா, வீட்ல வைஃபை இருக்கு. இதை எதுக்கு உருட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்றாள். நல்ல கேள்வி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இப்போது செம்புக் கம்பி இணைப்பு இல்லை. போன் இருக்கிறது, ஆனால் அது கண்ணாடி இழையில் வருகிறது. ஆகவே இரண்டு மோடம் வைத்துக்கொண்டேன். ஒன்று பழைய கணினிக்கு. இன்னொன்று, நண்பர் ஒருவர் கொடுத்தது, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினிக்கு. அந்தக் கணினிதான் இனி இணையம் தரும் நிறுவனம். நடுவில் போன் வயர். இரண்டுமே வெளியே வைக்கும் மோடங்கள். முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு ஆங்கில எழுத்து. ஓ.எச். எரிந்தால் ரிசீவரை எடுத்தாயிற்று. சி.டி. எரிந்தால் எதிர்ப்பக்கத்து மோடத்தின் ஒலி பிடிபட்டாயிற்று. எஸ்.டி., ஆர்.டி. இரண்டும் கொடுக்கல் வாங்கல். கணினிக்குள் செருகும் மோடங்கள் விலை குறைவு என்று அந்தக் காலத்தில் பலரும் அதைத்தான் வாங்கினார்கள். ஆனால் அதில் இந்த விளக்குகள் கிடையாது. என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, காத்திருக்க மட்டும் முடியும்.

*

விண்டோஸ் 98இல் டயல்-அப் அமைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. கை இன்னும் மறக்கவில்லை.

முதலில் கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ். தானே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால் ‘ஸ்டாண்டர்டு மோடம்’ என்று பொதுவாக ஒரு பெயர் போட்டுவிடும். பிளாப்பியில் வந்த டிரைவரைக் காட்டினால்தான் சொந்தப் பெயர். காம் 1 போர்ட். அதிகபட்ச வேகம் 115200. இது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகம். வெளியே ஓடும் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில மோடங்கள் இணைந்ததும் திரையில் இந்த எண்ணையே காட்டும். அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு லைன் ஊரிலேயே வேகமானது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து நெட்வொர்க்கில் டயல்-அப் அடாப்டர், அதற்கு டி.சி.பி./ஐ.பி. அங்கே ஓகே தட்டியதும் விண்டோஸ் சி.டி. கேட்கும். சி.டி. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் இருக்கும். பிறகு ரீஸ்டார்ட். பிறகு மை கம்ப்யூட்டருக்குள் டயல்-அப் நெட்வொர்க்கிங், அதில் ‘மேக் நியூ கனெக்‌ஷன்’. ஒரு பெயர், ஊர்க் குறியீடு, எண், நாடு. சர்வர் வகை பி.பி.பி. கீழே நெட்பியூஐ, ஐ.பி.எக்ஸ். என்று இரண்டு பெட்டிகளில் டிக் இருக்கும், எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டாலும் வேலை நடக்கும், ஆனால் இணையத்தில் யாரும் பேசாத அந்த இரண்டு பாஷையிலும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவதில் கொஞ்ச நேரம் போகும். அதன்பின் டி.என்.எஸ். எண்கள். 202.54 என்று தொடங்கும் எண்கள் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம்.

இத்தனையும் ஒருமுறை செய்தால் போதும். அன்றாடம் இருந்தது ஒரே ஒரு பட்டன், கனெக்ட்.

*

மோடத்தின் அமைப்பில் ஒரு சின்னப் பெட்டி உண்டு: டயல் செய்யுமுன் டயல் டோனுக்குக் காத்திரு. சாதாரணமாக அதில் டிக் இருக்கும். இங்கே பலர் வீட்டில் முதல் தடங்கல் அதுதான்.

டயல் டோன் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த சீரான ஓசை. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறியது. கேட்டால் லேசாக உறுமும். அமெரிக்காவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மோடம் இங்கே வந்து ரிசீவரை எடுக்கும், கேட்கும், இது டயல் டோன் இல்லை என்று முடிவு செய்யும், ‘நோ டயல்டோன்’ என்று திரையில் எழுதிவிட்டு வைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் போனை எடுத்தால் நம் காதுக்கு டோன் நன்றாகவே கேட்கும். அந்த டிக்கை எடுத்தால், அல்லது மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளையில் எக்ஸ்3 என்று சேர்த்தால், அது கேட்டுக்கொண்டு நிற்காமல் டயல் செய்துவிடும்.

பல்ஸ் முறையில் இயங்கிய பழைய எக்ஸ்சேஞ்ச் உள்ள ஊர்களில் இன்னொரு தடங்கல். டோன் ஒலியில் எண்ணைச் சொன்னால் அந்த எக்ஸ்சேஞ்சுக்குப் புரியாது. பல்ஸ் என்று மாற்ற வேண்டும். அப்போது மோடத்துக்குள் ஒரு ரிலே டக் டக்கென்று கம்பியை விட்டுவிட்டுத் தொடும். ஒன்றுக்கு ஒரு தட்டு, ஒன்பதுக்கு ஒன்பது, சுழியத்துக்குப் பத்து. சுழியம் நிறைய உள்ள எண்ணென்றால் தூக்கம் வந்துவிடும்.

இப்போது என் இரண்டு மோடங்களுக்கு நடுவில் எக்ஸ்சேஞ்சே கிடையாது. டோன் இல்லை, மணி இல்லை, எக்ஸ்சேஞ்ச் கம்பியில் ஏற்றி வைக்கும் 48 வோல்ட்டும் இல்லை. அந்த மின்சாரம் இருந்ததால்தான் ஊரே இருண்டு கிடந்த பவர் கட்டிலும் போன் மட்டும் வேலை செய்தது. அதற்குப் பதிலாக ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றையும் ஒரு ரெசிஸ்டரையும் வயரில் கோத்தேன். மணி அடிக்க ஆளில்லாததால், பழைய கணினி டயல் செய்யும்போது நான் எழுந்து போய் லினக்ஸ் கணினியில் ‘எடு’ என்று தட்ட வேண்டும். ஏ.டி.ஏ. என்பது அந்தக் கட்டளை. எந்த எண்ணுக்கு டயல் செய்தாலும் அந்த ஒரே இடத்துக்குத்தான் போகும். 172 என்றே தொடங்கட்டும் என்று போட்டேன். இணையத்துக்காக ஒதுக்கியிருந்த எண்களின் தொடக்கம் அது.

*

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதற்கு முன்பே எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு வழியாகச் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு வந்துவிட்டது என்றாலும் வீட்டுக்குள் வந்தது அன்றிலிருந்துதான். முதலில் கிடைத்த நகரங்களில் நம் தலைநகரும் ஒன்று. அரசாங்க ஆங்கிலத்தில் அதன் பெயர் அப்போது மெட்ராஸ். 

மாணவர்கள் வாங்கிய ஷெல் கணக்கில் படம் கிடையாது. இணைந்ததும் கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதன்பின் எழுத்து மட்டும். லிங்ஸ் என்ற உலாவியில் படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ‘இமேஜ்’ என்று இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்து என்ன படமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போக வேண்டும். படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் மறுக்கலாம்.

*

1998இல் தனியாருக்கு அனுமதி கிடைத்தபிறகு கடைகளில் மணிக்கணக்குப் போட்டு அட்டைப் பொட்டலத்தில் இணையம் விற்றார்கள். ஊரில் இணைய நிறுவனத்தின் நோடு இல்லாதவர்கள் எஸ்.டி.டி. போட்டுச் சென்னையைப் பிடித்தார்கள். ஆகவே எல்லாம் இரவில். கட்டணம் குறையும் நேரம், லைன் எளிதாகக் கிடைக்கும் நேரம், வேறு யாருக்கும் போன் தேவைப்படாத நேரம்.

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மையில்லை. மதுரை மாமாவுக்கு எப்போதும் இரவு பதினொரு மணிக்குத்தான் அக்கா ஞாபகம் வரும். மறுநாள் காலையில் அம்மாவிடம் வழக்கு: “என்னக்கா, எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு? அப்படி யார்கிட்ட பேசுறீங்க?” அம்மாவுக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. “அவன் கம்ப்யூட்டர் பேசுதுடா” என்பாள். அது சரியான பதில் என்று இப்போது தோன்றுகிறது.

கூடத்தில் இருந்த இணைபோனை யாராவது எடுத்துவிட்டால் தீர்ந்தது. அத்தை ஒருமுறை எடுத்துக் காதில் வைத்து, உடனே கையை நீட்டி அதைத் தூரப் பிடித்துக்கொண்டு, “டேய், உள்ள என்னமோ இரையுதுடா, ஷாக் அடிக்குமா?” என்று கேட்டாள். முக்கால் பங்கு இறங்கியிருந்த கோப்பு போயிற்று. இரைச்சல்தான் அந்தக் கோப்பு என்று அத்தைக்கு எப்படிச் சொல்வது?

*

கனெக்ட் தட்டியதும் கேட்கும் சத்தத்தை எல்லோரும் ஒரே சத்தமாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துக் கேட்கலாம். இந்த நாட்களில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மோடத்தின் சின்ன ஒலிபெருக்கி இணைப்பு முடிந்ததும் தானே வாயை மூடிக்கொள்ளும், அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

எண்களின் டோன்கள் முதலில். ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஸ்வரம். ஒன்று என்ற எண்ணுக்கு 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும். பிறகு எதிர்ப்பக்கம் எடுத்ததும் நீளமாக ஒரு ஊதல், 2,100 ஹெர்ட்ஸ். கூர்ந்து கேட்டால் அது நடுநடுவே மிக லேசாகத் தடுக்கும். அரை நொடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் அலை தலைகீழாகத் திரும்புவதால் வரும் தடுக்கல் அது. இந்த ஊதல் எதிர் மோடத்துக்கு மட்டுமல்ல, நடுவழியில் இருக்கும் கருவிகளுக்கும். தொலைதூர லைன்களில் மனிதர் பேச்சுக்கு எதிரொலி வராமல் தடுக்கும் கருவிகள் உண்டு. மனிதருக்கு நல்லது, மோடத்துக்குக் கெடுதல். ‘இங்கே பேசப்போவது மனிதர் இல்லை, ஒதுங்குங்கள்’ என்பதுதான் அந்தத் தடுக்கலின் செய்தி.

அடுத்து இரண்டு மோடமும் தங்களுக்கு என்னென்ன தெரியும் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்கின்றன. அதன்பின் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வி.34 என்ற விதிமுறைப்படி, 150 ஹெர்ட்ஸில் தொடங்கி 3,750 வரை 150, 150 ஆக ஏறும் பல ஸ்வரங்களை, நடுவில் சிலவற்றை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் அனுப்புகிறது மோடம். காதுக்கு அது ஒரு ‘போங்ங்’. அந்தப் பக்கத்து மோடம், எந்த ஸ்வரம் முழுதாக வந்தது, எது மெலிந்து வந்தது, எது வரவே இல்லை என்று குறித்துக்கொள்கிறது. விட்டுவிட்ட இடங்களில் ஏதாவது கேட்கிறதா என்றும் பார்க்கிறது. அனுப்பாத இடத்தில் ஒலி கேட்டால் அது கம்பி தானாகச் சேர்த்தது. இதே சோதனை மறுபக்கமிருந்தும். இருவரும் கண்டதைச் சொல்லிக்கொண்ட பிறகுதான் எந்த வேகத்தில், எவ்வளவு உரக்கப் பேசுவது என்று முடிவாகிறது. 

இரண்டு கணினியும் எவ்வளவு விலை உயர்ந்தவை என்பது இந்தப் பேச்சில் வரவே இல்லை. நடுவில் இருக்கும் கம்பி எவ்வளவு தாங்கும் என்பது ஒன்றுதான் கேள்வி.

கடைசியில் மழை கொட்டுவதாகக் கேட்கும் ‘ஷ்ஷ்ஷ்’ பயிற்சி. இரண்டு பக்கமும் முன்பே தெரிந்த ஒரு வரிசையை அனுப்புகிறார்கள். என்ன வந்திருக்க வேண்டும் என்பது தெரியும். என்ன வந்தது என்பது கையில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பியின் சுபாவம். அதைக் கற்றுக்கொண்டு, இனி வருவதிலிருந்து அந்தச் சுபாவத்தைக் கழித்துக் கேட்கிறது மோடம். இன்னொன்றையும் கழிக்க வேண்டும். இருவரும் ஒரே இரட்டைக் கம்பியில் ஒரே நேரத்தில் பேசுவதால் ஒவ்வொரு மோடத்துக்கும் தன் குரலே திரும்பி வந்து காதை அடைக்கும். எதிராளியின் மெலிந்த குரல் அதனடியில் கிடக்கும். தன் குரல் எப்படித் திரும்புகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு அதை நீக்கினால்தான் மற்றதைக் கேட்க முடியும். இவ்வளவும் சில நொடிகளில். அந்த நொடிகளை நாங்கள் கால் ஆட்டிக்கொண்டு கழித்தோம்.

*

மழைக்காலத்தில் லைன் கரகரக்கும். லைன்மேன் வந்து கம்பத்தில் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறப்பார். “தண்ணி இறங்கிடுச்சு சார்” என்பார், யாரோ உறவினர் பற்றிச் சொல்கிற வருத்தத்தோடு. கம்பி முனையில் பச்சை. பிளேடால் சுரண்டுவார், உள்ளிருந்து சிவந்த செம்பு எட்டிப் பார்க்கும், மறுபடி முறுக்கிச் சேர்த்து மூடுவார். அடுத்த மழைக்கு மீண்டும் பச்சை.

களிம்பு. சைவ சித்தாந்தம் உயிருக்கும் ஆணவத்துக்கும் சொல்லும் உவமை இதுதான்: செம்பில் களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியது அல்ல, செம்பு என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு. தேய்க்கலாம், விளக்கலாம், அது உள்ளேயே இருக்கிறது. ரசகுளிகை பட்டுச் செம்பு பொன்னானால்தான் போகும் என்பார்கள். லைன்மேனிடம் ரசகுளிகை கிடையாது. எக்ஸ்சேஞ்சிலும் கிடையாது.

மோடம் களிம்பைப் போக்குவதில்லை. இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, எவ்வளவு என்று அளந்து, அதற்கு ஏற்ற வேகத்துக்கு இறங்கி வருகிறது. 33,600 முடியாதா, 31,200. அதுவும் இல்லையா, 28,800. பேச்சின் நடுவே கரகரப்பு கூடினால் சற்று நிறுத்தி, மறுபடி பயிற்சி எடுத்து, இன்னும் ஒரு படி இறங்கித் தொடர்கிறது. சிதைந்து வந்த துண்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சித்தாந்தி இதை வீடுபேறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது.

*

இரண்டு மீட்டர் புது வயரில் என் மோடங்கள் எடுத்த எடுப்பில் 33,600இல் இணைந்தன. கீழே கடிகாரத்தின் பக்கத்தில் அந்தப் பழைய இரட்டை மானிட்டர் படம் வந்து நின்றது.

“கவர்ல 56கேன்னு போட்டிருக்கே, சித்தப்பா?” என்றாள் அண்ணன் மகள்.

அந்த 56, 1998இல் வந்த வி.90இன் கணக்கு. எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறிய பிறகு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதின, மொத்தம் 64,000. இப்படி முழு எண்ணாக நறுக்கும்போது சேரும் பிசிறுதான் சாதாரண மோடத்தை 33,600 அருகே நிறுத்தியது. இணையம் தரும் நிறுவனம் எக்ஸ்சேஞ்சுடன் நேரடியாக டிஜிட்டலில் இணைந்திருந்தால் ஒரு பக்கத்து நறுக்கல் மிச்சம். இறங்கும் திசையில் மட்டும் 56,000 வரை போகலாம். வீட்டில் இரண்டு சாதாரண மோடத்தை எதிரெதிரே வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எட்ட முடியாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் போன் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பாதகமில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. மாடிச் சுவரில், ஓட்டுக்கு அடியில், பழைய போன் லைனின் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்தில் முறுக்கி ஒட்டுப்போட்டது. ரோசெட் பெட்டியின் திருகுகள் பச்சைப் பூத்துக் கிடந்தன. புது வயரை எடுத்துவிட்டு அந்தக் கம்பியை நடுவில் கொடுத்தேன். டயல். எழுந்து போய் ஏ.டி.ஏ. அந்த ‘போங்’ ஒருமுறை, மறுமுறை. மழைச்சத்தம் வழக்கத்தைவிட நீண்டது. 26,400.

குறைந்ததில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. அந்த எண் என் வீட்டுச் சுவருக்குச் சொந்தமானது என்பதாலாக இருக்கலாம். புது வயர் தந்த 33,600 கடையில் வாங்கியது.

*

இணைந்துவிட்டதே தவிர, போக இடமில்லை. விண்டோஸ் 98 கூட வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5க்கு இன்றைய தளங்களின் பூட்டைத் திறக்கத் தெரியாது. பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஆகவே லினக்ஸ் கணினியிலேயே சில எழுத்துக் கோப்புகளை வைத்தேன், டிஸ்கி என்ற குறியேற்றத்தில் இருக்கும் பழைய தமிழ்க் கோப்புகள்.

அந்தக் காலத்துத் தமிழுக்கு முதலில் எழுத்துரு வேண்டும். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனி எழுத்துரு. இறக்கி நிறுவாமல் போனால் பக்கம் முழுக்கப் பவுண்டு குறியும் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாக இருக்கும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்திலிருந்து மயிலை எழுத்துருவைத் தந்த கல்யாணசுந்தரம் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து வழி தேடினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் கூடிய தமிழர்களில் பலர் டிஸ்கியை விடவில்லை. யூனிகோடு வந்து எல்லாவற்றையும் மூடும்வரை இந்தச் சண்டை நடந்தது. சண்டை முழுக்க மின்னஞ்சலில், அதாவது பெரும்பாலும் டயல்-அப்பில்.

கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாட்டில் இருந்தவர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிஸ்கியில் ஒரு குறியீடு ஒரு பைட். 1,330 குறளும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். என் சுவர்க் கம்பியின் வேகத்தில் அரை நிமிடம். ஒரே ஒரு சினிமாப் பாட்டை இறக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் கம்பியில் திருக்குறள் முழுவதும் அரை நிமிடத்தில் வந்துவிடும். யூனிகோடில் அதே குறள் ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் பிடிக்கும், ஆனால் இன்று அதை யார் பார்க்கிறார்கள்.

பழைய மானிட்டரில் வரி வரியாக மேலிருந்து கீழே குறள் இறங்கியதைப் பார்த்தேன். ஆர்.டி. விளக்கு விடாமல் துடித்தது. பொருட்பாலின் நடுவில் ஒருமுறை நின்றது. மோடம் எதையோ திரும்பக் கேட்டு வாங்கியிருக்கும்.

*

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. அதுவரை வைத்திருந்தார்களா என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு கம்பி போய்ச் சேராத வீடுகள் எந்த நாட்டிலும் இருக்கும். நம் பக்கத்திலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்று கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஒன்றைக் கொண்டுவந்தது. பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம் என்றார்கள். கிராமத்துக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. 35 கிலோபிட்டுக்கு அப்போது வேறு மதிப்பு.

*

போனை வைப்பது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதி முடிக்கிறேன்.

திரையில் டிஸ்கனெக்ட் பட்டன் உண்டு. ஆனால் கட்டளையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு சங்கடம். இணைந்திருக்கும்போது நாம் தட்டுவது எல்லாம் எதிர்ப்பக்கத்துக்குப் போகும் செய்தி. மோடத்துக்கே சொல்வதை மோடம் எப்படி அறியும்? 1981இல் ஸ்மார்ட்மோடத்தைக் கொண்டுவந்த டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் இருந்த ஹேய்ஸ் நிறுவனத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மூன்று கூட்டல் குறி. அதற்கு முன் ஒரு நொடி எதுவும் அனுப்பக் கூடாது, பின் ஒரு நொடி எதுவும் அனுப்பக் கூடாது. முன்னும் பின்னும் அந்த இடைவெளி இருந்தால் அது மோடத்துக்கான பேச்சு; இல்லாவிட்டால் வெறும் கூட்டல் குறி, செய்தியோடு போகட்டும். அதன்பின் ஏ.டி.எச். என்றால் ரிசீவரை வைத்துவிடும்.

இந்த ஒரு நொடிக்கு ஹெதரிங்டன் பெயரில் காப்புரிமை இருந்தது. அதற்குப் பணம் கட்ட மனமில்லாத வேறு சில உற்பத்தியாளர்கள் இடைவெளி தேவைப்படாத மோடங்களைச் செய்தார்கள். விளைவு வேடிக்கையானது. செய்தியின் நடுவிலேயே மூன்று கூட்டலும் ஏ.டி.எச்.சும் சேர்ந்து வந்தாலே அந்த மோடம் போனை வைத்துவிடும். விஷமக்காரர்கள் அந்த எழுத்துகளைப் பதிலாகத் திருப்பி அனுப்ப வைக்கும் ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, முன்பின் தெரியாதவர்களின் இணைப்பை உலகத்தின் மறுகோடியிலிருந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

நண்பர் கொடுத்த மோடம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அதுவரை, இந்தக் குறிப்பை அதன் வழியாக அனுப்பினாலும் ஆபத்தில்லை. கட்டளையைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.